ராலிக்கு முன்னால் டாட்டூ, ராலிக்கு முன்னால் லேசர்

ராணுவ ஆள்சேர்ப்பு ராலி அறிவிப்பு வந்தால் போதும், "அண்ணே, கையில டாட்டூ இருக்கு, எடுத்துக்குவாங்களா?" என்று ஊர்ப் பையன்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. சரி, விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்பக்கத்திலும், புறங்கையிலும் மட்டும் நிரந்தர டாட்டூ இருக்கலாம். பழங்குடிப் பையன்களுக்கு அவர்கள் வழக்கப்படி குத்தியதற்கு விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவத்தில் இன்னும் கறார்: முன்கை என்றால் இடது கை மட்டும்தான், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கிற கை.

அவ்வளவுதான் விதி. எந்த இடம், எவ்வளவு பெரிசு, என்ன படம் என்று பார்க்கும். ஊசி யாருக்குக் குத்தியது, மையில் என்ன இருந்தது, புண் ஆறிவிட்டதா என்பதெல்லாம் பையனும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

அதைவிட பயம், டாட்டூவை எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்து. தோளிலோ கழுத்திலோ காதலி பேர் இருக்கும், ராலிக்கு இரண்டு மாசம் இருக்கும், "லேசர் வைச்சா போயிடுமாமே" என்பான். போகும், ஆனால் இரண்டு மாசத்தில் போகாது. ஒரு தடவை லேசர் வைத்தால் அடுத்ததற்கு பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி விடவேண்டும், அப்படிப் பல தடவை வைக்கவேண்டும், கறுப்பு மை ஓரளவு சொன்னபடி கேட்கும், பச்சையும் மஞ்சளும் லேசில் அசையாது. நம்முடையது நிறமுள்ள தோல் என்பதால், அலைநீளமும் சக்தியும் சரியாக அமைக்கத் தெரியாதவர் கையில் மாட்டினால் மை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விழுந்துவிடும். சிவப்பு, மஞ்சள் மைகளில் இருக்கும் அசோ வகைச் சாயம் லேசர் பட்டு உடையும்போது, புற்றுநோயைத் தூண்டக்கூடிய அமீன் என்ற ரசாயனங்கள் உண்டாவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். லேசருக்குக் காசில்லாதவன் ஆன்லைனில் அமிலக் கிரீம் வாங்குகிறான், இல்லை கல் உப்பை வைத்துத் தேய்க்கிறான். அப்படித் தேய்த்துத் தோளில் தடித்த தழும்போடு வந்து நின்ற ஒருத்தனை எனக்குத் தெரியும். இப்படிப் புண்ணைத் தாண்டித் தடித்து வளரும் கீலாய்டு தழும்புக்கு மார்பும் தோளும் ரொம்பப் பிடித்த இடங்கள், ஒரு தடவை வளர்ந்துவிட்டால் எளிதில் அடங்காது.

டாட்டூ குத்தும் கடைக்கு வருவோம். பட்டாளத்துக்கும் இந்த ஊசிக்கும் பழைய பகை. 1889-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், பச்சை குத்திக்கொண்ட சிப்பாய்களுக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பரவியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குத்துகிறவர் எச்சிலைத் தொட்டு மையைக் குழைப்பது சாதாரணம். இப்போது எச்சில் இல்லை, சரி. ஆனால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே போதும். ஊசியை மாற்றினாலும் மைக் கிண்ணத்தை மாற்றாவிட்டால் பிரயோஜனம் இல்லை. திருவிழாக் கடையில் வரிசையாகப் பத்துப் பேருக்குக் குத்தும்போது கிண்ணத்தை யார் பார்க்கிறார்கள்? நம் நாட்டில் பச்சை குத்திய கோட்டின் மேலேயே தொழுநோய் வந்தவர்களைப் பற்றி சத்தீஸ்கர் பக்கத்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கையே பிளந்துவிட்டுக் கைதானார்களே, அதற்கு அப்புறம்தான் பலருக்கும் இந்தக் கடைகளை யாராவது சோதிக்கிறார்களா என்ற கேள்வியே வந்தது.

கடை சுத்தமாக இருந்தாலும் மை சுத்தம் என்று அர்த்தமில்லை. 2011-12-ல் நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் 19 பேருக்கு டாட்டூ போட்ட இடத்தில் சிவந்து தடித்தது. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி. கடையில் தப்பில்லை, முன்கூட்டியே நீர் கலந்து வந்த சாம்பல் நிற மை தயாரிப்பிலேயே கெட்டிருந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தோலுக்குள் ஏற்றுவதற்கென்று ஒரு நிறமியைக்கூட இதுவரை அங்கீகரித்ததில்லை. கார் பெயின்டுக்கும் அச்சு மைக்கும் போகும் சாயங்கள்கூட இதில் இருக்கின்றன. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 54 மைகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள், அதில் 45-ல் லேபிளில் இல்லாத பொருட்கள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்கு டாட்டூ மையில் தடையோ வரம்போ போட்டது. அரிப்பும் தடிப்பும் அதிகம் தருவது சிவப்பு, பல வருஷம் கழித்துக்கூட வரும்.

போட்ட மை போட்ட இடத்திலேயே நிற்பதும் இல்லை. ஒரு பகுதி நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்த் தங்குகிறது, டாட்டூ போட்டவர்களின் அக்குள் முடிச்சு கறுத்திருப்பதை சர்ஜன்கள் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2024-ல் டாட்டூ உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் 21 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் பெரிய டாட்டூவுக்கு அதிக அபாயம் என்று அதில் வரவில்லை, அதனால் ஒரே ஆய்வை வைத்துக் கத்த நான் தயாரில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் டாட்டூ எரிந்துபோகும் என்பதும் அப்படித்தான். 330 பேரை ஸ்கேன் செய்து பார்த்ததில் ஒரே ஒருவருக்கு லேசான தொந்தரவு.

சிப்பாய்க்கு மட்டும் என்ன தனி அபாயம் என்றால், புண் ஆறவிடும் வசதி அவனுக்குக் கிடையாது. மேல்தோல் மூடவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆபீஸ் போகிறவன் ஏ.சி.யில் உட்கார்ந்து ஆற்றிக்கொள்வான், இவன் லீவில் வந்து குத்திக்கொண்டு நாலாம் நாள் யூனிட்டுக்குத் திரும்பி, வியர்வையில் நனைந்த முழுக்கைச் சட்டையோடு சேற்றில் தவழ்ந்து போவான், ஆற்றில் இறங்குவான். டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி ஏறி இறந்துபோனது 2017-ல் மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு ஏற்கனவே ஈரல் கோளாறு இருந்தது உண்மை, ஆனால் ரெஜிமென்ட் கேன்டீன் ரம் கணக்கைப் பார்த்தால் "என் ஈரல் நல்லாத்தானே இருக்கு" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லமுடியும்!

இரத்தம் இன்னொரு சங்கதி. யூனிட்டில் ஒருவனுக்கு அடிபட்டால் முதலில் கை நீட்டுவது பக்கத்துக் கட்டில்காரன்தான். நம் இரத்த வங்கி விதிப்படி டாட்டூ போட்டால் 12 மாசம் இரத்தம் கொடுக்கக்கூடாது. சிலர் "ஓ பாசிட்டிவ்" என்று கையில் குத்திக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்து எந்த டாக்டரும் இரத்தம் ஏற்றமாட்டார், கட்டாயம் டெஸ்ட் பண்ணித்தான் ஏற்றுவார். பெரிசாக முழங்கை மடிப்பு வரை நிரப்பிவிட்டால் டிரிப் போட நரம்பு தேடுகிறவனுக்குத்தான் கஷ்டம், நான் தேடியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு போட்டே தீருவேன் என்கிறவன் நீண்ட லீவின் முதல் நாளில் போடட்டும், சீல் உடைக்காத ஊசி, புதுக் கிண்ணம் என்று கண்ணெதிரே பார்த்துக்கொள்ளட்டும், மையில் குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் அதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். யூனிட்டுக்குத் திரும்பிய பின் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ, திட்டு விழும் என்று பயந்து யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் "கொசு கடிச்சது சார்" என்று சொல்லாதீர்கள். செலோனே மாதிரிக் கிருமிக்கு வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது, மாசக்கணக்கில் வேறு மருந்து வேண்டும். டாட்டூ என்று சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும்.