ஆயில் கூலர், ஒரு குளுக்கோஸ் டியூப், 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ்

கல்லூரி மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா போட்டியின் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. தூங்கி எழுந்து, புத்தி கொஞ்சம் தெளிந்த பிறகு இதை எழுதுகிறேன். டிசைனில் (வண்டியை ஏன் இப்படிக் கட்டினோம் என்று ஜட்ஜ் கேட்கும் சுற்று) 150க்கு 104. எண்டியூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டத்தின் 22 கிலோமீட்டரும் ஓடி முடித்தோம். போன வருடம் இதே கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் டிசைனில் 61 வாங்கி, டிரைவர் மாறுவதற்கு முன்பே ஆயில் 141 டிகிரி காட்டியதால் நாங்களாகவே வண்டியை ஓரங்கட்டிய அதே டீம்தான். என்ஜின் மாறவில்லை. கூலர்கூட அதே 13 வரிசைக் கூலர். அதைப் பிடித்து வைத்த விதமும் காற்றுக்குப் போட்ட வழியும் மட்டும்தான் மாறின.

எங்கள் என்ஜின் ராயல் என்ஃபீல்டின் 648 சிசி ட்வின் (இரண்டு சிலிண்டர்). எல்லோரும் 390 சிசி என்ஜின் போடும்போது இது எதற்கு என்று கேட்காதீர்கள், அது சீனியர்கள் எடுத்த முடிவு, எடையைப் பற்றி நான் பேசவே போவதில்லை. விஷயம் என்னவென்றால் இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் என்ஜின், ரேடியேட்டரே கிடையாது. பைக்கில் என்ஜினைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகள்மேல் நேராகக் காற்று அடிக்கும். நம் வண்டியில் என்ஜின் டிரைவர் முதுகுக்கும் ஃபயர்வால் என்ற தீத்தடுப்புத் தகட்டுக்கும் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சுமை முழுக்க ஆயில் கூலர் தலையில்தான் (அதில் காற்று புகுந்து போகும் சல்லடைப் பகுதியைத்தான் கீழே கோர் என்கிறேன்). தண்ணீர் என்ஜின் வைத்திருப்பவர்கள் கீழே "கூலர்" என்று வருமிடத்திலெல்லாம் "ரேடியேட்டர்" என்று படித்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசி பொருந்தும்.

போன வருட டக்ட், அதாவது கூலருக்குக் காற்றைக் கொண்டுபோகும் வழி, பார்க்க அழகாக இருந்தது. சைடுபாட் (வண்டியின் பக்கவாட்டுக் கூடு) முன்வாய் அகலம், உள்ளே கார்பன் பளபளப்பு, சி.எஃப்.டி. (கணினியில் போடும் காற்றோட்டக் கணக்கு) படத்தில் நீலமும் சிவப்புமாக ஓடும் கோடுகள். ஜட்ஜ் அதைப் பார்த்தார். "கோருக்குப் பின்னால் போன காற்று எங்கே வெளியேறுகிறது?" என்று கேட்டார். சைடுபாட் பின்பக்கத்தைக் காட்டினேன். அதற்கு நேர் எதிரே ஒரு சாண் தூரத்தில் பின் டயர். அவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் தாளைத் திருப்பினார். அடுத்த கேள்வி, "இந்தப் படத்தை வண்டியில் சரிபார்த்தீர்களா?" பதிலே இல்லை. அந்த மௌனத்துக்குத்தான் 61.

ஓடுகிற டயரின் முகப்பில் காற்று முட்டி அழுத்தம் ஏறும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்து வெளிவாயைத் திறந்தால் காற்று ஏன் அங்கே போகப்போகிறது?

நம் போட்டியில் வேகம் குறைவு என்பதையும் மறந்துவிடுகிறோம். எண்டியூரன்ஸில் சராசரி 50ஐ ஒட்டித்தான் இருக்கும். 60 கி.மீ. வேகத்தில் காற்று தரக்கூடிய மொத்த அழுத்தமே ஏறக்குறைய 167 பாஸ்கல், அதாவது 17 மில்லிமீட்டர் தண்ணீர். 40க்கு இறங்கினால் அது ஏழரை மில்லிமீட்டர். விரல் நகத்தளவு தண்ணீர்தான் உங்கள் மூலதனம், அதை வைத்துத்தான் கோர் வழியாகக் காற்றைத் தள்ளவேண்டும். இதில் கோரைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விட்டால் காற்று கோரைச் சீண்டாமல் பக்கத்தாலேயே போய்விடும். பெரிய டிராக்கில் 150இல் போகிற கார்களைப் பார்த்து காப்பி அடித்த டக்ட் நமக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான்.

சரி, எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த சங்கதிக்கு வருகிறேன். மெடிக்கலில் இரண்டு குளுக்கோஸ் டியூப் வாங்கினேன். ஒன்றின் முனையை கோருக்கு முன்னால் டக்ட் சுவரோடு சமமாக வெட்டி ஒட்டினேன், இன்னொன்றை கோருக்குப் பின்னால். முனை சுவரை விட்டுத் துருத்திக்கொண்டு நின்றால் பொய்க் கணக்கு காட்டும். முன்டியூபை நீல மை கலந்த தண்ணீர் பாட்டிலின் மூடிக்குள் செருகி எம்சீல் வைத்து அடைத்தேன். பாட்டிலின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை ஐந்துக்கு ஒன்று சரிவில் சாய்த்து, அதன் மேல்முனையில் பின்டியூபை மாட்டினேன். சாய்த்து வைத்ததால் 3 மி.மீ. வித்தியாசம் 15 மி.மீ.ஆக நீண்டு தெரியும். குழாயை வண்டியின் குறுக்குவாக்கில் வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் அலைபாயும். எதிரே ஒரு ஃபோனை வீடியோவில் வைத்து, நேர் சாலையில் 60இல் நிலையாக ஓட்டினோம்.

பழைய டக்டில் கோருக்கு முன்னும் பின்னும் இருந்த வித்தியாசம் வெறும் 3 மி.மீ. முன்பக்கம் நன்றாகத்தான் அழுத்தம் ஏறியது, பின்பக்கமும் கூடவே ஏறியிருந்தது. நாங்கள் இரண்டு மாதம் முன்வாயைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தோம்! வெளிவாயை சைடுபாட் மேற்பரப்புக்கு மாற்றி, அதற்குச் சற்று முன்னால் 20 மி.மீ. உயரத்துக்கு ஒரு அலுமினிய உதட்டை நிறுத்தி, கோரைச் சுற்றி ஃபோம் பட்டை அடைத்தோம். 11 மி.மீ. காட்டியது. அதே வேகம், அதே கூலர். முன்வாயை உண்மையில் சிறிதாக்கினோம், கோர் பரப்பில் பாதிக்கும் குறைவு. வாயிலிருந்து கோர் வரை மெதுவாக விரிந்தால் போதும், காற்று தானே வேகம் குறைந்து அழுத்தமாக மாறும்.

டிராக்கில் 20 நிமிடம் ஓடியபின் ஆயில் 113 டிகிரி. அதற்குமேல் ஏறவில்லை.

சி.எஃப்.டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குக் கணினி முன் உட்காரப் பொறுமை கிடையாது, அதனால் இப்படி எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் டியூபைச் செய்யுங்கள்.

மாட்டுவது பற்றி, அடிபட்ட வரிசையில்:

- கூலரை ஃபிரேமோடு இறுக்கி போல்ட் போடாதீர்கள். முதல் கூலரின் போல்ட் மாட்டும் காது ஒன்பதாவது நாளில் விரிசல் விட்டது. நான்கு முனையிலும் ரப்பர் புஷ் போட்டு, கூலர் கையால் அசைத்தால் கொஞ்சம் ஆடவேண்டும்.
- ஆயில் வாய்கள் மேலே பார்க்கட்டும். முடியாவிட்டால் பக்கவாட்டில் வைத்து, கீழ்வாயில் ஆயில் உள்ளே, மேல்வாயில் வெளியே. கீழே பார்த்தால் காற்று மேலே தேங்கிவிடும்.
- ஃபோம் பட்டை ஆயிலை உறிஞ்சாத ரகமாக இருக்கவேண்டும். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் போட்டால் நனைந்த திரிதான்.
- ஸ்டீல் பின்னல் ஹோஸ் ஒரு அரம். எதன்மேல் உரசினாலும் அறுக்கும். கார்பன் விளிம்பில் பட்டால் இரண்டுக்கும் சேதம்.
- ஆயில் வெப்ப சென்சாரை கூலருக்குப் பிந்திய வழியில் வைத்து மகிழ்ச்சி அடையாதீர்கள், சம்ப்பில் (என்ஜின் அடியில் ஆயில் சேரும் இடம்) வையுங்கள்.
- ஹோஸ் மாட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயில் பிரஷர் வரும்வரை என்ஜினைச் சுற்றி, அப்புறம் ஸ்டார்ட். நிறுத்தி ஆயில் அளவை மறுபடி பாருங்கள், கூலர் குடித்திருக்கும்.

டெஃப்லான் டேப் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம், வொர்க்‌ஷாப்பில் செயின் பிளாக் போட்டு வண்டியை 60 டிகிரி சாய்த்து நாங்களே டில்ட் (சாய்த்துக் கசிவு பார்க்கும் சோதனை) ஒத்திகை பார்த்தோம். கீழே பழைய செய்தித்தாள். பத்து நிமிடத்தில் ஒரு சொட்டு, காசு அளவு வட்டம். ஹோஸை இணைக்கும் ஏ.என். ஃபிட்டிங்கில் யாரோ நல்ல எண்ணத்தில் டேப் சுற்றியிருந்தார்கள். அது 37 டிகிரி கூம்பு உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கும் ஃபிட்டிங், மரைக்கு அங்கே வேலையே இல்லை. டேப்பால் சரியாக உட்காரவில்லை, போதாததற்குக் கிழிந்த நூல் ஆயில் வழிக்குள்ளும் போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஒரு ராத்திரி. மாட்டியபின் ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டோம். போட்டியில் வண்டியைப் பரிசோதிக்கும் நிஜ டெக்கில் ஒரு துளி இல்லை.

காலையில் ஆக்சிலரேஷன் ஓட்டத்துக்கு எதிர்மாறான தொல்லை வந்தது. ஜனவரிக் காலை, ஓட்டம் சில விநாடிகள்தான், ஆயில் 62லேயே நின்றது, 10டபிள்யூ50 ஆயில் கூழ் மாதிரி. கோரில் பாதியை டேப்பால் மூடிவிட்டோம். மதியம் அதைப் பிய்க்க ஒரு ஆளை நியமியுங்கள், எங்களுக்கு எண்டியூரன்ஸ் வரிசையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்தமுறை டிசைனில் கேட்டவை: கூலர் எத்தனை கிலோவாட் எடுக்கிறது? (நிமிடத்துக்கு 8 லிட்டர், 20 டிகிரி இறக்கம், கணக்குப் போட்டால் சுமார் 4.8.) ஆயில் ஓட்டத்தை எப்படி அளந்தீர்கள்? டிரைவர் மாறும்போது வண்டி நின்றால் என்ன ஆகும்? அப்புறம் மறுபடி அதே கேள்வி, காற்று எங்கே போகிறது. ஃபோனில் வீடியோவைப் போட்டேன். நீலக் கோடு குழாயில் ஏறுவதை ஜட்ஜ் மூன்றுமுறை ஓடவிட்டுப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார்.

ஒரு வயிற்றெரிச்சல். காஸ்ட் ரிப்போர்ட்டில் (வண்டியின் பாகங்கள், செலவுப் பட்டியல்) ஃபோம் பட்டையைச் சேர்க்க மறந்துவிட்டேன். 40 ரூபாய்ப் பட்டை, வண்டியைக் காப்பாற்றியதே அதுதான், பட்டியலில் இல்லை என்று மார்க் போனது. தப்பு என்னுடையதுதான், இருந்தாலும் எரிகிறது.

எங்கள் கல்லூரி ஜூனியர்களுக்கு மட்டும்: பாட்டிலும் குழாயும் வொர்க்‌ஷாப்பில் டார்க் ரெஞ்ச் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மை காய்ந்திருக்கும், புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.