நூலக வரி கட்டுகிறோம், சரி, புத்தகம்?

சென்னையில் சொத்து வரி கட்டுகிற எல்லாருமே, தெரிந்தோ தெரியாமலோ, தமிழ்ப் பதிப்புலகத்துக்குப் படியளக்கிறவர்கள்தான். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறார்கள். பொது நூலகங்கள் வாங்கும் புத்தகங்களுக்கு அந்தப் பணம்தான் முக்கிய ஆதாரம். உள்ளாட்சிகள் வசூலித்ததை நூலகத் துறைக்குத் தராமல் பாக்கி வைப்பது அவ்வப்போது செய்தியாக வருகிறது, அது தனிக் கதை.

சின்னப் பதிப்பாளர்கள் நூலக ஆணைக்காக, அதாவது பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தரும் ஆர்டருக்காக, ஏன் தவம் கிடக்கிறார்கள் என்றால், கடையில் ஒன்றிரண்டாக விற்பது அங்கே மொத்தமாகப் போகும். ஆனால் பல வருடங்களாக நூலகத் துறையில் அட்டை விலையைப் பார்க்காமல் பாரம் கணக்கில், அதாவது 16 பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை போட்டார்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்த நாவலும், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பொது அறிவுப் புத்தகமும் அந்தத் தராசில் ஒன்றுதான், பிறகு எவன் மெனக்கெட்டு எடிட்டர் வைப்பான்?

2023 ஜனவரியில் நந்தனத்தில் அரசே பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்தியதும், தமிழ் நூல்களை வேறு மொழிகளுக்குக் கொண்டுபோக மொழிபெயர்ப்பு நல்கை தருவதும் நிஜமாகவே நல்ல வேலை. அதே அக்கறை உள்ளூர் கிளை நூலகத்துக்கும் வேண்டும். என்ன புத்தகம், எத்தனை பிரதி, யார் தேர்ந்தெடுத்தது என்று ஒவ்வொரு கிளையிலும் பட்டியல் ஒட்டட்டும், வரி கட்டுகிற நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.