உவர்மலையில் பெய்ஜிங் நேரம்

கடந்த மாதம் தொடர்ந்து மூன்று நாட்கள், இரவு சரியாக ஏழரை மணிக்கு என் மகளின் இணையம் நின்றுபோனது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் அவளுக்கு ஏழு மணிக்கு இணையவழி ரியூசன் தொடங்கும். ஆசிரியர் பழைய பாடத்தை மீட்டி முடித்துப் புதிய கணக்கை எழுதத் தொடங்குகையில் படம் அப்படியே நின்றுவிடும். முதல் நாள் வாடைக்காற்றைக் குறை சொன்னோம். இரண்டாம் நாள் இணைப்புத் தரும் நிறுவனத்தைக் குறை சொன்னோம். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் சேவையை அழைத்து இருபது நிமிடம் இசை கேட்ட பின்னர், தங்கள் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை என்று ஒரு தம்பி பணிவாகச் சொன்னார். நான் அவரை நம்பவில்லை. அப்போதுதான் மகள், "அப்பா, உங்கட ஃபோனில மட்டும் எப்பிடி நெட் வருது?" என்று கேட்டாள்.

குற்றவாளி நான்தான். அந்தத் தொல்லை தொடங்குவதற்கு முந்தைய நாள், அவள் நள்ளிரவு வரை கைத்தொலைபேசியுடன் விழித்திருப்பதைத் தடுக்க எண்ணி, வீட்டில் வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, அவளுடைய கருவிகளுக்கு மட்டும் இரவு 10 மணிக்கு இணையம் நிற்க வேண்டும் என்று கட்டளை இட்டிருந்தேன். ரவுட்டரும் அதைப் பிசகாமல் நிறைவேற்றியது. ஆனால் அதன் கடிகாரம் நாங்கள் வசிக்கும் திருகோணமலை உவர்மலையில் இல்லை.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில், மின்சாரம் நின்றாலும் கடிகாரத்தை ஓடவைக்கும் மின்கலம் கிடையாது. மின்வெட்டு முடிந்து மீண்டும் இயங்கும்போது பல கருவிகள் 1970 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொண்டு விழிக்கும். பிறகு இணையத்திலுள்ள நேர வழங்கி ஒன்றிடம் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும். அந்த வழங்கி தருவது உலகப் பொது நேரம் என்பதால், அதனுடன் எத்தனை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பதை நேர வலயம் என்ற இடத்தில் நாம்தான் தெரிவு செய்ய வேண்டும். என்னுடைய கருவி தொழிற்சாலையில் வைத்த பெய்ஜிங் நேரத்திலேயே, அதாவது +8 இலேயே, இருந்தது. நம்முடையது +5:30. பெய்ஜிங்கில் இரவு 10 மணி ஆகும்போது உவர்மலையில் ஏழரை மணி, கணக்கு அவ்வளவுதான்.

திருத்தியபோதும் ஒரு வேடிக்கை நடந்தது. பட்டியலில் நம் தலைநகரான ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயரைக் கண்டு மகிழ்ந்து அதைத் தெரிவு செய்தேன். அன்றிரவு இணையம் ஒன்பதரைக்கு நின்றது. இலங்கை 1996 இல் கடிகாரத்தை முன்தள்ளிச் சில மாதங்கள் +6:30 இலும், பின்னர் +6 இலும் இருந்து, 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30 க்குத் திரும்பியது. அந்தப் பழைய ரவுட்டரின் பட்டியலில் நாம் இன்னும் +6 இலேயே இருக்கிறோம். கடைசியில் சென்னை, கொல்கத்தா என்று எழுதிய வரியைத் தெரிவு செய்த பிறகே எங்கள் வீட்டில் இலங்கை நேரம் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டவர்களில் பலர், "அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அது இணையத்தில் இருக்கும் தளம் அன்று. வரவேற்பறையில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் பக்கம். ஆகவே இணையம் முற்றாக நின்றிருந்தாலும் அது திறக்கும். உலாவியின் முகவரிப் பட்டியில் 192.168.1.1 என்றோ, சிம் போடும் பல 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 என்றோ, சில ஃபைபர் கருவிகளில் 192.168.100.1 என்றோ எழுதினால் வரும். உங்களுடையது எது என்பது பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். எங்கள் வீட்டைப் போலக் கடற்காற்றில் அந்த எழுத்து மங்கியிருந்தால், கைத்தொலைபேசியில் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் விவரங்களைத் திறந்து, கேட்வே என்ற வரியைப் பாருங்கள். இந்த எண்கள் வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள் வலையமைப்புகளில் மட்டும் புழங்குவதற்கென 1994 முதல் ஒதுக்கிவைக்கப்பட்டவை. அதனால்தான் கிண்ணியாவில் ஒரு வீட்டிலும் கொழும்பில் ஒரு வீட்டிலும் அதே எண் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

எண்ணைச் சரியாக எழுதியும் பக்கம் திறக்கவில்லை என்றால், முதலில் கைத்தொலைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் கைத்தொலைபேசி தானாகவே டேட்டாவுக்குத் தாவி, வீட்டுக்குள் இருக்கும் முகவரியை வெளியே தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, பாதுகாப்பற்ற பக்கம் என்று உலாவி எச்சரித்தால் அஞ்ச வேண்டாம். நீங்கள் எழுதிய எண் சரியாக இருக்கும்வரை, அது உங்கள் வீட்டுப் பெட்டிதான்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல் வேறு, அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் வேறு. முன்னது படலைத் திறப்பு, விருந்தினருக்கும் கொடுக்கிறோம். பின்னது அலுமாரித் திறப்பு. முன்னதை மாற்றி மாற்றி வைக்கும் வீடுகளில்கூடப் பின்னது, அட்மின் என்ற பெயரும் அதே கடவுச்சொல்லுமாக, வாங்கிய நாளில் இருந்தபடியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கண்காணிப்புக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அதற்கு நுட்பமான வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலை வைத்த பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட ஒரு சிறு பட்டியலை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே போதுமாக இருந்தது.

உள்ளே சென்ற பின் நான் உடனே அணைத்தது டபிள்யூபிஎஸ் என்ற வசதியை. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைவதற்கான வழி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மேலும் கருவி அந்த எண்ணை இரண்டு பாதிகளாகச் சரிபார்த்து, முதற்பாதி பிழை என்பதைத் தனியாகவே சொல்லிவிடுகிறது. ஆகவே 10,000 உம் 1,000 உம் சேர்த்து, 11,000 முயற்சிகளுக்குள் எண் அகப்பட்டுவிடும் என்பது 2011 இன் இறுதியில் வெளிப்பட்டது. வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதைச் சிலர் பாதுகாப்பு என்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேடத் தெரிந்தவருக்கு அது தெரிந்துவிடும், தேடத் தெரியாத மாமிக்குத்தான் தொல்லை. கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், குறியாக்கத்தில் டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 ஐத் தெரிவு செய்யுங்கள், அது போதும்.

மீளமைக்கும் பொத்தானைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் பின்புறச் சிறு துளையில் ஊசியைப் பத்து விநாடி அளவு அழுத்திப் பிடித்தால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எல்லாவற்றுக்குள்ளும் நிறுவனத்தின் வலையமைப்புடன் பேசுவதற்காகத் தொழில்நுட்பவியலாளர் பதித்துச் சென்ற பெயரும் கடவுச்சொல்லும் அடங்கலாம் என்பது தெரிவதில்லை. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா, வைஃபை மெதுவாக இருக்கிறது என்று ஃபைபர் ரவுட்டரில் ஊசியை அழுத்தி, மெதுவான இணையத்தையும் இழந்து, ஆள் வரும்வரை மூன்று நாட்கள் காத்திருந்தார். சாதாரணமாக அணைத்துத் திரும்பப் போடுவது வேறு, மீளமைப்பது வேறு. ஊசியை எடுக்கும் முன்னர், வான் (WAN) என்று தலைப்பிட்ட, நிறுவனத்துடனான இணைப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் கருவியே எரிந்துபோன வீடுகள் எங்கள் ஒழுங்கையில் உண்டு. அவர்களில் எவரிடமும் அந்தப் பெயர் எழுதியிருக்கவில்லை. நான் இப்போது எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி, மின்சாரப் பட்டியல்களோடு லாச்சியில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்பார்கள். என் லாச்சியைத் திறக்கும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்ட திருடனுக்கு வைஃபை ஒரு பொருட்டாக இராது.

ஆனால் அந்த லாச்சி மகளுக்கும் எட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் அதைத் திறக்கவும் இல்லை. அதைவிட எளிய வழி அவளிடம் இருந்தது. ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது, மேக் முகவரி என்ற அதன் அடையாள எண்ணைக் கொண்டு. 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், அடுத்த ஆண்டில் வந்த ஐஓஎஸ் 14 முதலும் கைத்தொலைபேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைக் காட்டுகின்றன. அந்த அமைப்பை மாற்றினால் அதே கைத்தொலைபேசி ரவுட்டரின் கண்ணுக்குப் புதிய கருவியாகிவிடும். நான் இட்ட தடை பழைய முகவரியைக் காத்துக்கொண்டு நிற்கும். கடந்த வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தபோது, எங்கள் வீட்டில் இல்லாத, பெயரற்ற ஒரு கைத்தொலைபேசி அதில் இருந்தது. அவளுடைய அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. காலையில் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. 10 மணியை 11 ஆக்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "இலங்கை நேரம்தானே, அப்பா?" என்று கேட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனாள்.