முப்பது டிகிரி வீட்டில் பீர்

மார்ச் 2, ஞாயிறு

சிங்கப்பூர் வெயிலில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை ஏற்கெனவே அடுப்பு மாதிரிதான். 4.5 கிலோ வெளிர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியைத் துணிப்பையில் போட்டு, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பையை வடித்தெடுத்த பிறகு கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதி.

தண்ணீர் பிடித்ததுமே கேம்ப்டன் மாத்திரையில் கால்வாசி கரைத்தாயிற்று. குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரமினை அது முறித்துவிடும், கொதித்தால் மட்டும் எளிதில் போகாது. விட்டுவைத்தால் பீரில் பிளாஸ்திரி வாடை அடிக்கும்.

குளிரவைப்பதுதான் இங்கே பெரும்பாடு. செப்புச் சுருளில் ஓடவிடும் குழாய்நீரே 28, 29 டிகிரி. வொர்ட், அதாவது கொதித்த மால்ட் சாறு, அதற்குக் கீழே எப்படி இறங்கும்? 36லேயே நிறுத்தி, வாஸ் க்வைக் ஈஸ்ட்டைத் தூவினேன். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஈஸ்ட். 35க்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். கூடவே ஈஸ்ட் சத்துப்பொடி கொஞ்சம். இல்லையென்றால் க்வைக் சுணங்கும். தொடக்க அடர்த்தி 1.050 (வெறும் தண்ணீர் 1.000; சர்க்கரை கூடக் கூட எண் ஏறும், நொதிக்க நொதிக்க இறங்கும்).

மார்ச் 3

மூடிவரை நுரை. சூடு இறங்காமலிருக்க வாளிக்குப் போர்வை சுற்றினேன். ஆமாம், சிங்கப்பூரில் போர்வை.

மார்ச் 4

மச்சானும் புதிதாகப் பீர் காய்ச்சத் தொடங்கப்போகிறார். 50 லிட்டர் எவர்சில்வர் பானை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம்.

“பானை கிடக்கட்டும் மச்சான். வாளியை எங்கே வைப்பீங்க?”

“ஹால்லதான்.”

ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் அனுமதி, அதையும் விற்கக்கூடாது. 50 லிட்டர் பானைக்கு என்ன வேலை? அந்தக் காசில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கச் சொன்னேன். ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18–20 டிகிரி வேண்டும். ஹால் 30, நொதிக்கும்போது ஈஸ்ட் தன் பங்குக்கு இன்னும் சில டிகிரி ஏற்றும். அப்படி வந்த பீரில் தின்னர் வாடைதான் மிஞ்சும். கருவியின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே பஞ்சுத் துண்டு வைத்துக் கட்ட வேண்டும். முதல் மூன்று நாள் வெப்பத்தைக் கட்டுக்குள் பிடித்துவிட்டால் மீதி தானாக நடக்கும். ஃபிரிட்ஜுக்கு இடமில்லையா, க்வைக்தான் கதி.

மார்ச் 6

ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி அடைப்பானில், குமிழி நின்றுவிட்டது. அதை நம்புவதில்லை, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது. மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவைத்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டு, விரலால் ஒரு சுழற்று சுழற்றினேன். தண்டில் ஒட்டிய குமிழிகள் உதிர்ந்ததும் அரைக்கோடு இறங்கி நின்றது: 1.011.

மார்ச் 8, சனி

அதே 1.011. அப்படியானால் முடிந்தது, மது அளவு 5 சதவீதத்தை ஒட்டி வரும். புட்டிகளை முதலில் கழுவி, அப்புறம் கிருமிநீக்கியில் அலசினேன். இரண்டும் வேறு வேறு வேலை, சோப்பு மட்டும் போதாது. புட்டிக்குள் வாயு ஏற லிட்டருக்கு ஆறரை கிராம் சர்க்கரை. கண்ணாடிப் புட்டிகளோடு ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா புட்டியும் நிரப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

பிளாஸ்டிக் புட்டி அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது. வாயு ஏறிவிட்டது, எல்லாம் ஃபிரிட்ஜுக்குள். இரண்டு நாள் நின்றால் கசடு அடியில் படியும். ஊற்றும்போது கடைசி விரற்கடை அளவைப் புட்டியிலேயே விட்டுவிட வேண்டும் என்று மச்சானுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.