எங்க தீவுச் சங்கம் கிராண்ட் கணக்கு பழகின அனுபவம்

ஒரு சின்னத் தீவு, அங்க ஒரு மக்கள் சங்கம், அவங்களுக்கு மழைநீர்த் தொட்டி ரிப்பேர் பண்ணி குழாய் மாத்தறதுக்குன்னு ஒரு கிராண்ட், அதாவது திருப்பிக் குடுக்க வேண்டாத நிதியுதவி, வந்துச்சு. கூட இருந்து கணக்குவழக்கைப் பாத்துக்கற வேலை எனக்கு. பேரு ஊரு எல்லாம் வேண்டாம், கரையிலேர்ந்து தள்ளி இருக்கற எந்தத் தீவுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்த மாதிரி சங்கத்தோட வேலை பாக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

கெபாசிட்டி பில்டிங், அதாவது சங்கத்தோட திறமையை வளக்கறதுன்னு சொன்னாலே எல்லாருக்கும் புரொபோசல் (பணம் கேட்டு அனுப்பற திட்ட விண்ணப்பம்) எழுத ட்ரெயினிங் குடுக்கறதுதான் ஞாபகம் வருது. கரைக்குக் கூட்டிட்டுப் போய் ஹால்ல உக்கார வச்சு, லாக்ஃபிரேம்ங்கற திட்ட அட்டவணை போடப் பாடம் எடுத்து, கடைசில ஒரு சர்டிஃபிகேட் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க. நான் போறதுக்கு முன்னாடியே எங்க சங்கத்துலயும் ஒரு தம்பி அப்படிப் போய்ட்டு வந்திருக்கான், நல்ல பையன், அந்த சர்டிஃபிகேட்டை வச்சே வெளிய வேலை கிடைச்சு போயிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா, யாரா இருந்தாலும் போகத்தான் செய்வாங்க. ஆனா சங்கத்துக்கு மிச்சம்னு எதுவும் இல்ல, ஈமெயில் பாஸ்வேர்டு கூட அவன்கிட்டதான் இருந்துச்சு. மொத்த ஜனமே சில நூறு பேர் இருக்கற இடத்துல ஒருத்தரை மட்டும் தயார் பண்ணா இதான் நடக்கும். அதனால எதைச் சொல்லிக் குடுத்தாலும் ரெண்டு பேருக்குச் சேத்துத்தான், அதுல ஒருத்தர் தீவை விட்டு நகர வாய்ப்பில்லாதவரா இருக்கணும்னு ஆரம்பத்துலயே பேசி வச்சுக்கிட்டோம். அப்படி வந்தவங்கதான் பொருளாளர் அக்கா. பள்ளிக்கூடப் படிப்பை பாதியில விட்டவங்க, ஆனா சீட்டுக் கணக்கு, மீன் கணக்கு எல்லாம் வருஷக்கணக்கா மனசுலயே வச்சிருக்கறவங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச இன்னொரு பொண்ணு அவங்களுக்கு ஜோடி.

எங்க அப்ளை பண்றதுன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாடுகளுக்கு உதவற கிரீன் கிளைமேட் ஃபண்டுன்னு ஒரு உலக நிதியைப் பெருசா பேசறாங்களே, நேரா அங்கயே கேட்டா என்னன்னு ஒரு அண்ணன் கூட்டத்துல கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா அங்க அங்கீகாரம் வாங்கின நிறுவனம் வழியாத்தான் திட்டமே போக முடியும், அந்த அங்கீகாரம் வாங்கறதுக்கே ரொம்ப நாள் ஆகும், தணிக்கை, கொள்முதல் விதி, புகார் சொல்ற வழின்னு அத்தனையும் காட்டணும். பசிபிக் கடல்ல இருக்கற குக் தீவுகள்ல அவங்க நிதி அமைச்சகமே அந்த அங்கீகாரத்தை வாங்கி வச்சிருக்கு, அதே பசிபிக்ல மைக்ரோனேசியாவுல 2002ல ஆரம்பிச்ச ஒரு இயற்கைப் பாதுகாப்பு டிரஸ்ட் வாங்கிருக்கு. அப்படி ஒண்ணு நடுவுல இருந்தா பெரிய பணம் சின்ன கிராண்டா உடைஞ்சு ஊருக்கு வரும், இல்லன்னா சங்கம் அந்த வாசல்ல நிக்கறதுல அர்த்தமில்ல. நம்ம அளவுக்கு ஏத்ததுன்னா ஐநா வளர்ச்சித் திட்டம் (யுஎன்டிபி) நடத்தற, ஜெஃப்ங்கற உலகச் சுற்றுச்சூழல் நிதியோட ஸ்மால் கிராண்ட்ஸ் புரோகிராம் மாதிரி ஒண்ணு, 1992லேர்ந்து இருக்கு, சின்னச் சின்னத் தொகையா நேரா மக்கள் அமைப்புக்கே தராங்க, அந்தந்த நாட்டுல இருக்கற கமிட்டிதான் முடிவு பண்ணும், அதுலயும் அரசாங்கத்துக்கு வெளிய இருக்கறவங்கதான் அதிகம். எழுத வராதவங்க வீடியோவா எடுத்துக் கூட புரொபோசல் குடுக்கலாம்னு வச்சிருக்காங்க, இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

நாங்க வாங்கினது வேற ஒரு ஃபண்டர்கிட்ட, அதாவது பணம் குடுக்கற அமைப்புகிட்ட. இங்கதான் நான் முக்கியமா சொல்ல நினைக்கறது வருது. ஒப்பந்தத்தை கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வரி வரியா தமிழ்ல சொல்லி கூட்டத்துல படிச்சோம், ஒவ்வொரு வரிக்கும் "இது நம்மால முடியுமா"ன்னு மட்டும் கேட்டோம். மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட்னு போட்டிருந்துச்சு, அதுல ஒண்ணு சரியா கடல் மோசமா இருக்கற சீசன்ல விழுது, படகே ஓடாது, பொருளும் வராது, அப்ப என்ன செலவைக் காட்டறது? எதை வாங்கினாலும் மூணு கடையிலேர்ந்து கொட்டேஷன் (விலை எழுதின தாள்) வேணும்னு இருந்துச்சு, தீவுல சிமெண்ட் விக்கறதே ஒருத்தர்தான், அவரும் தலைவருக்கு சொந்தக்காரரு. சின்ன இடத்துல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான், அதை மறைக்கப் போனாத்தான் வம்பு. இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். கேட்டா குடுக்கறதையும் நிறுத்திடுவாங்களோன்னு சங்கத்துல ரொம்பப் பயம். ஆனா வந்த பதிலப் பாத்தா, ரிப்போர்ட் தேதியை சீசனுக்கு ஏத்த மாதிரி தள்ளி வச்சாங்க, ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழ இருந்தா ஒரே கொட்டேஷன் போதும், கூடவே ஏன் ஒருத்தர்கிட்டதான் வாங்கறோம்னு ஒரு பக்கம் எழுதி, சொந்தக்காரர் அந்த முடிவுல கலந்துக்கலன்னு தீர்மானம் போட்டு வச்சா சரின்னுட்டாங்க. முதல் தவணையையும் கொஞ்சம் கூட்டிக் குடுத்தாங்க, ஏன்னா படகு ஏத்துக்கூலியும் மொத்தமா வாங்கற பொருளும் ஆரம்பத்துலயே வந்துடும். ஃபண்டர் ஆபீஸ்ல இருக்கறவங்க கெட்டவங்க இல்ல, அவங்க டெம்ப்ளேட்டை நகரத்துல உக்காந்து எழுதிருக்காங்க, அவ்வளவுதான். கையெழுத்து போட்டப்புறம் கேட்டா அது விதி மீறல், முன்னாடி கேட்டா அது பேச்சுவார்த்தை.

பேங்க் ஒரு தனி ரோதனை. கிளை கரையில இருக்கு, கையெழுத்து போடறவங்க ரெண்டு பேரும் சேந்து போகணும்னா ரெண்டு பேரோட ஒரு நாள் வேலை, படகு வாடகை, காத்து அடிச்சா ராத்திரி தங்கல். அதனால நாலு பேரைப் போட்டு அதுல யாராவது ரெண்டு பேர்னு மாத்தினோம், அதுல ஒருத்தர் கரையில வேலை பாக்கற உறுப்பினர். ஆன்லைன் பேங்கிங் வாங்கறப்ப ஒருத்தர் போன்லயே எல்லாம் முடியற மாதிரி குடுக்கப் பாத்தாங்க, வேண்டாம்னு சொல்லி ஒருத்தர் போட இன்னொருத்தர் ஒப்புதல் குடுக்கற மாதிரி வாங்கினோம். பணம் வெளிநாட்டுலேர்ந்து வந்தா நடுவுல பேங்குங்க எடுக்கற கமிஷன், மாத்து விலை வித்தியாசம் ரெண்டுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி போட்டு வைங்க, இல்லன்னா வந்து சேர்ற தொகையும் ஒப்பந்தத் தொகையும் ஒத்துப்போகாம கடைசி வரைக்கும் இழுக்கும்.

பில்லு விஷயம் சின்னதா தெரியும், ஆனா அங்கதான் மாட்டும். படகுக்காரர் பில் தர மாட்டாரு, மண்ணு அள்ளினவங்க தர மாட்டாங்க. அதுக்கு ஒரு வவுச்சர் புக் போட்டோம், தேதி, எதுக்கு, எவ்வளவு, பணம் வாங்கினவர் கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு, கூட இருந்த ஒருத்தர் சாட்சி. கரையில கடையில தர்ற மெஷின் பில் இருக்கு பாருங்க, அந்த வழுவழு பேப்பர், அது சூட்டுக்கும் உப்புக் காத்துக்கும் சில மாசத்துல வெறும் வெள்ளைத் தாளாயிடும். அக்கா என்ன பண்ணாங்கன்னா, படகுல ஏறறதுக்கு முன்னாடியே படகுத்துறையில நின்னு போன்ல படம் எடுத்துடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் பில் பின்னாடியே பால்பாயிண்ட் பேனாவுல தொகையும் வவுச்சர் நம்பரும் எழுதி நோட்டுல ஒட்டிடுவாங்க. ஆடிட்டர் அந்த நோட்டைப் பாத்துட்டு வேற சங்கத்துக்குக் காட்ட போட்டோ எடுத்துட்டுப் போனாரு, நிஜமா.

மாசக் கடைசில அந்த நோட்டை கூட்டத்துல சத்தமா வாசிப்பாங்க. இதுக்கு எந்த மேனுவலும் சொல்லல, அக்காவே ஆரம்பிச்சது. டீசல் இவ்வளவுன்னு வாசிச்சதும் பின்னாடிலேர்ந்து ஒருத்தர், "அன்னைக்கு படகு பாதியில திரும்பிடுச்சே, முழு டீசல் எப்படிப் போச்சு"ன்னு கேட்டாரு. கேன்ல மிச்சம் இருந்தது அப்பதான் வெளிய வந்துச்சு, அடுத்த நடைக்கு கணக்குல கழிச்சாங்க. ஆபீஸ்ல உக்காந்து பாக்கற எந்த ஆடிட்டராலயும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் சண்டையும் வந்துச்சு, வராம இருக்குமா.

ஜனங்க போடற உழைப்பையும் சங்கத்தோட பங்களிப்பா காட்டலாம்னு நிறைய கிராண்ட்ல இருக்கு. ஆனா சும்மா மொத்தமா ஒரு தொகை எழுதினா ஏத்துக்க மாட்டாங்க, யார் எந்த நாள் எத்தனை மணி நேரம்னு ஷீட், ஒரு நாள் கூலி என்னன்னு முன்னாடியே ஒத்துக்கிட்ட ரேட், ரெண்டும் வேணும். வேலை நடக்கற இடத்துலயே அட்டையில மாட்டி வச்சிட்டோம், வந்தவங்க போகும்போது கையெழுத்து.

தீராத பிரச்சனையும் இருக்கு. அக்காவும் அந்தப் பொண்ணும் கணக்குக்கு செலவழிக்கற நேரத்துக்கு சம்பளம்னு கேட்டா, நிர்வாகச் செலவு இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு ஃபண்டர் சொல்லிட்டாங்க. அமெரிக்க ஃபெடரல் கிராண்ட்லயே தனியா ரேட் பேசி வாங்காத அமைப்புகளுக்கான மறைமுகச் செலவு (ஆபீஸ், கணக்கு மாதிரி பொது நிர்வாகச் செலவு) விகிதத்தை 2024 அக்டோபர்லேர்ந்து 10 சதவீதத்துலேர்ந்து 15 வரைக்கும் ஏத்திருக்காங்க, அப்படின்னா பத்தலன்னு அவங்களுக்கே தெரியுதுல்ல. சின்ன சங்கத்துக்கு செலவு விகிதம் இன்னும் கூடத்தான் வரும், கிராண்ட் சின்னதா இருந்தாலும் அதே ரிப்போர்ட், அதே ஆடிட். நாங்க கடைசில "திட்ட ஒருங்கிணைப்பு"ன்னு நேரடிச் செலவுலயே ஒரு வரி கேட்டு வாங்கினோம், பாதி நேரத்துக்குத்தான் கிடைச்சுது.

சாஃப்ட்வேர் எது யூஸ் பண்றதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. நோட்டுதான் மெயின், அதை அந்தப் பொண்ணு எக்செல்ல ஏத்தும், நெட் கிடைக்கறப்ப டிரைவ்ல போடும். பாஸ்வேர்டு இப்ப ஒரு கவர்ல சீல் வச்சு சங்கப் பெட்டியில இருக்கு, நிர்வாகி மாறினா மாத்தணும்னு தீர்மானத்துலயே எழுதியாச்சு. வவுச்சர் ஃபார்மேட், ஒரே கடைக்காரர்கிட்ட வாங்கறதுக்கான அந்த ஒரு பக்கக் கடிதம் ரெண்டும் வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்பறேன்.