குதிகால் நேராகத்தான் இருந்தது

"அண்ணா, என் குதிகால் லைன்லதானே இருந்துச்சு?"

இன்று சாயங்காலம் பெங்களூரு ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்தில் கோல் அடித்துவிட்டுத் திரும்பியவன், ஆஃப்சைடு கொடி தூக்கியிருப்பதைப் பார்த்து நேராக என்னிடம் வந்து கேட்டான். பதினாறு வயசு இருக்கும்.

நுனி பிய்ந்து கறுப்பு டேப் சுற்றிய ஷூ. அந்த டேப் சுற்றிய நுனிதான் எதிராளியைத் தாண்டியிருந்தது. குதிகால் அந்த எதிராளிக்கு நேர்.

சக வீரர் பந்தைத் தட்டும்போது கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நிற்பதுதான் ஆஃப்சைடு. நுனி தாண்டினாலும் இன்றைய விதிப்படி ஆஃப்சைடுதான், வேறு பேச்சில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பின் முன்னாள் பயிற்சியாளர் அர்சென் வெங்கர் பல வருஷமாகச் சொல்லிவரும் மாற்றம் வந்தால், கோல் அடிக்கத்தக்க உடல்பகுதி கொஞ்சமாவது எதிராளிக்கு நேராக இருந்தாலே போதும். அவன் கோல் நிற்கும்.

எனக்கு அது வரவேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் 1925 ஞாபகத்துக்கு வருகிறது. ஆஃப்சைடு ஆகாமலிருக்க முன்னால் (கோல்கீப்பரையும் சேர்த்து) மூன்று எதிராளிகள் இருக்கவேண்டும் என்பதை அன்று இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் ஒரு சீசனில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 1,703. அப்புறம் என்ன, ஆர்சனலில் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தில் ஆடிய சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கினார், மற்ற அணிகளும் அதையே பிடித்துக்கொண்டன.

இப்போதும் விதி மாறினால் டிஃபென்ஸ் பத்து அடி பின்வாங்கும். முதுகுக்குப் பின்னால் ஓட இடமிருக்காது, நடுக்களம்தான் திறக்கும். ஓட்டத்தை மட்டும் நம்புகிற இவனுக்கு அது கஷ்டம்.

இதையெல்லாம் சொன்னேன். டேப்பை இறுக்கிக்கொண்டே கேட்டான்:

"சரிண்ணா, எப்போ மாத்துவாங்க?"