வார்டன் அவெனியூவிலை இருந்து புரோகிரஸ் அவெனியூ வரைக்கும்: எங்கடை ஸ்காபரோ கொலிஜ்

ரொறன்ரோவின்ரை கிழக்குப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவிலை எந்தத் தமிழ் வீட்டிலை கேட்டாலும் ஒராளாவது சென்ரெனியல் கொலிஜ் வாசலை மிதிச்சிருக்கும், பகல் கிளாஸோ பின்னேர கிளாஸோ, ஒண்டும் இல்லாட்டி இங்கிலீஷ் படிக்கவாவது. எங்கடை வீட்டிலை இவற்றை தம்பி, பிறகு நான், பிறகு மகள். யூனிவர்சிற்றியைப் பற்றி எங்கடை ஆக்கள் நிறையக் கதைப்பினம், மகன் வாட்டர்லூ, மகள் ரொறன்ரோ யூனிவர்சிற்றி எண்டு கலியாண வீட்டிலை சொல்லிக்கொண்டு திரிவினம், ஆனா வந்த தலைமுறையிலை அரைவாசிப் பேருக்குச் சோறு போட்டது இந்தக் கொலிஜ் எண்டதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். எனக்கு அதிலை கொஞ்சம் கோவம் இருக்கு, அதுதான் எழுதுறன்.

நான் வந்தது 1990. இவர் அதுக்கு முன்னமே வந்து சென்ற் ஜேம்ஸ் ரவுணிலை, வெல்ஸ்லி பார்லிமென்ற் பக்கம், ஒரு மாடிக் கட்டடத்திலை நாலஞ்சு பொடியளோடை இருந்தவர், டவுன்ரவுணிலை ஒரு ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுற வேலை. அந்த நேரம் வந்த ஆக்கள் எல்லாருக்கும் முதல் வீடு அந்தப் பக்கம்தான், பிறகு பிள்ளை குட்டி எண்டு வர வாடகை மலிவெண்டு கிழக்கை ஸ்காபரோவுக்கு வந்தது. நாங்களும் மார்க்கம் ரோட் எக்லிங்ரன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்றுக்கு மாறினம். அது சரியான மந்தமான காலம், பக்டறியள் மூடிக்கொண்டிருந்தது, எனக்குக் கிடைச்சது ஒரு பிளாஸ்ரிக் பக்டறியிலை இரவு பக்கிங் வேலை. ஊரிலை ஏ லெவல் முடிச்சு ஒரு பாலர் பள்ளியிலை படிப்பிச்சனான், இங்கை வந்து பெட்டி மடிக்கிறன், அழுகை வராதே?

எங்கடை பில்டிங்குக்கு முன்னாலை 102 பஸ் போகும். வார்டன் சப்வேயிலை வெளிக்கிட்டு மார்க்கம் ரோட்டாலை ஏறிப் போற பஸ். அதிலை பாக் கொழுவிக்கொண்டு ஏறுற பிள்ளையளைப் பாத்துத்தான் எங்கை போகினம் எண்டு இவற்றை தம்பியைக் கேட்டனான். சென்ரெனியலுக்கு எண்டான், அவன் ஏற்கனவே அதின்ரை அஷ்ரன்பீ காம்பஸிலை கார் மெக்கானிக் படிச்சுக்கொண்டிருந்தவன். நீங்களும் போங்கோ அண்ணி, இரவு கிளாஸ் இருக்கு எண்டு கடதாசி எல்லாம் கொண்டுவந்து தந்தது அவன்தான்.

இந்தக் கொலிஜ் துவங்கின கதையை எங்களுக்குப் படிப்பிச்ச ஒரு வயசான மிஸ் நல்லாச் சொல்லுவா. 1965இலை பில் டேவிஸ் ஒன்ராறியோ மாகாணத்தின்ரை கல்வி மந்திரி, பிறகு கனகாலம் பிரீமியராவும், அதாவது மாகாண முதலமைச்சராவும், இருந்தவர். போர் முடிஞ்ச பிறகு பிறந்த பிள்ளையள் எல்லாம் கூட்டமா பதினெட்டு வயசுக்கு வரப்போகினம், யூனிவர்சிற்றியிலை எல்லாருக்கும் இடமில்லை, எல்லாருக்கும் அது தேவையுமில்லை, தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கை வேலை தெரிஞ்ச ஆக்கள் வேணும். அதுக்காகத்தான் அந்த வருசம் இப்பிடிக் கொலிஜுகள் துவங்கச் சட்டம் கொண்டுவந்தவர். அமெரிக்காவிலை மாதிரி ரெண்டு வருசம் படிச்சிட்டு யூனிவர்சிற்றிக்கு மாறுறதுக்கு எண்டு கட்டினதில்லை, வேலைக்குப் போறதுக்கெண்டே கட்டினது. அதிலை முதல் முதல் கதவு திறந்தது எங்கடை சென்ரெனியல்தான், 1966 ஒக்ரோபரிலை, வார்டன் அவெனியூவிலை ரெண்டாம் உலகப்போர் நேரத்து வெடிமருந்து பக்டறி ஒண்டைத் திருத்தி 514 மாணவரோடை. அடுத்த வருசம் கனடாவுக்கு நூறு வயசு, சென்ரெனியல் எண்டா நூற்றாண்டு, அந்தப் பேர்தான் கொலிஜுக்கும். இப்ப ஒன்ராறியோவிலை இப்பிடி 24 அரசாங்கக் கொலிஜ் இருக்கு.

பிறகு எழுபதுகளிலை வண்டி வாகன வேலையளுக்கெண்டு அஷ்ரன்பீ, 1977இலை மார்க்கம் ரோட்டும் 401 ஹைவேயும் சந்திக்கிற பக்கம் புரோகிரஸ் காம்பஸ். நான் போனது புரோகிரஸுக்கு. முதலிலை துவங்கின வார்டன் காம்பஸ் இப்ப இல்லை.

நான் எடுத்தது ஏர்லி சைல்ட்ஹூட், சின்னப் பிள்ளையளைப் பாக்கிற படிப்பு. பகலிலை ரெண்டு வருசத்திலை முடிக்கிறதை நான் இரவு கிளாஸா ஒவ்வொரு பாடமா இழுத்து இழுத்து முடிச்சனான், இடையிலை மகள் பிறந்து ஒரு இடைவெளி, நிரந்தரமா இருக்கிறதுக்கான லாண்டட் பேப்பர் வர முந்தி லோனும் எடுக்க ஏலாது, அதாலை பக்டறிக் காசிலைதான் பீஸ் கட்டினது. கிளாஸிலை என்னைப் போலத்தான் எல்லாரும், ஜமெய்க்கா, கயானா, பிலிப்பீன்ஸ், சோமாலியா. வெள்ளைப் பிள்ளையளும் இருந்தவை, அவையும் எங்களைப் போல வேலை முடிஞ்சு ஓடி வாறவைதான். ஒருத்தருக்கும் அடுத்தவையின்ரை இங்கிலீஷைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு நேரமில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

பிளேஸ்மென்ற், அதாவது வேலைப் பயிற்சி, எண்டு ஒரு டேகெயருக்கு அனுப்பினவை. எங்கடை ஊரிலை பாலர் பள்ளி எண்டா பிள்ளை சப்பாணி கட்டி இருந்து அ ஆ சொல்லவேணும், இங்கை மண்ணுக்கை விளையாடுற பிள்ளையைத் தள்ளி இருந்து பாத்து அது என்ன செய்யுது எண்டு எழுதச் சொல்லுறாங்கள். "வாளியை நிரப்பினான், கொட்டினான், திரும்ப நிரப்பினான்" எண்டு பக்கம் பக்கமா எழுதினன். இதுக்கோ காசு கட்டிப் படிக்கிறன் எண்டு இருந்தது. பிறகுதான் விளங்கினது, பிள்ளை கொட்டிக் கொட்டிப் பாக்கிறதிலைதான் அளவு, எண், பாரம் எல்லாம் படிக்குது எண்டு. மற்றது குளிர் உடுப்பு! அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, முதலிலை ஸ்னோ பான்ற்ஸ், பிறகு பூட்ஸ், பிறகு ஜக்கெற், பிறகு தொப்பி, கடைசியாத்தான் கையுறை. கையுறையை முன்னம் போட்டா அந்தப் பிள்ளை ஒண்டும் செய்யாது, சிப்பை நீங்கள்தான் இழுக்கவேணும், அப்பிடி பன்னிரண்டு பிள்ளை எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எல்லாருக்கும் போட்டு முடிச்சு வெளியிலை போக ஒருத்தன் மிஸ் வொஷ்றூம் எண்டுவான்.

டேகெயர் வேலையிலை சம்பளம் குறைவு, அதை மறைக்க ஏலாது. ஆனா 2010இலை ஒன்ராறியோ முழுநாள் கிண்டர்கார்டன் துவங்கி, ரீச்சரோடை சேத்து இந்தப் படிப்புப் படிச்ச ஆக்களையும் வகுப்புக்கை போட, என்னைப் போல எத்தனையோ பேர் ஸ்கூல் போர்ட் வேலைக்குப் போனம். பெனிபிற்ஸ், பென்சன் எல்லாம் வந்தது. பக்டறியிலை என்னோடை பக்கிங் செய்த ரெண்டு பேரை நான்தான் கையிலை பிடிச்சு அந்தக் கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனனான், அவையும் இப்ப பள்ளிக்கூடத்திலைதான்.

இதுக்கிடையிலை கொலிஜும் எங்களைப் போல வளந்துகொண்டு போச்சு. மோர்னிங்சைட்டிலை ரொறன்ரோ யூனிவர்சிற்றியின்ரை ஸ்காபரோ காம்பஸுக்குப் பக்கத்திலை ஒரு காம்பஸ், 2019இலை டவுன்ஸ்வியூவிலை பழைய டி ஹாவிலண்ட் விமான பக்டறியிலை பிளேன் மெக்கானிக் படிப்பிக்க இன்னொண்டு. டிப்ளோமா மட்டும் குடுத்த இடம் டிகிரியும் குடுக்கத் துவங்கிச்சு. மகள் ஜேர்னலிசம் படிச்சது யூனிவர்சிற்றியும் கொலிஜும் சேந்து நடத்தின படிப்பிலை, கடைசிப் பகுதி ஈஸ்ற் யோர்க்கிலை ஸ்ரோறி ஆர்ட்ஸ் சென்ரர் எண்ட காம்பஸிலை. கமெராவைத் தூக்கிக்கொண்டு உண்மையான செய்தி எடுக்கப் போனது அங்கை இருக்கேக்கைதான்.

பிறகு வந்தது வேறை விதமான வளர்ச்சி. அரசாங்கம் குடுக்கிற காசு போதாது, 2019இலை கனடாப் பிள்ளையளின்ரை பீஸை 10 சதவீதம் குறைச்சு அப்பிடியே நிப்பாட்டியும் போட்டினம். அப்ப கொலிஜுகள் எங்கை போறது? வெளிநாட்டு மாணவரிட்டை. 2021இலை அரசாங்கக் கணக்குப் பாக்கிற ஒன்ராறியோ ஓடிற்றர் ஜெனரல் எழுதின ரிப்போர்ட்டிலை இருக்கு, அரசாங்கக் கொலிஜுகளிலை வெளிநாட்டுப் பிள்ளையள் 30 சதவீதம், ஆனா பீஸ் காசிலை 68 சதவீதம் அவை கட்டினது. அதிலையும் கூடுதலான ஆக்கள் இந்தியாவிலை இருந்து. ஒராள் கட்டுற பீஸ் எங்கடை பிள்ளையள் கட்டுறதிலும் நாலு மடங்குக்கு மேலை.

அந்தக் காசின்ரை மற்றப் பக்கம் எங்கடை பேஸ்மென்றிலை இருந்தது. மதுரைப் பக்கத்துப் பிள்ளை ஒண்டும் பஞ்சாப் பிள்ளை ஒண்டும் வாடகைக்கு இருந்தவை. மதுரைப் பிள்ளையின்ரை அப்பா நிலத்தை அடகு வைச்சு அனுப்பினவர். வாரத்திலை 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் எண்ட சட்டத்தை 2022 கடைசியிலை தளர்த்திச்சினம், உடனை அந்தப் பிள்ளை கோப்பிக் கடையிலை இரவு, விடிய கிளாஸ். "சாப்பிட்டியே பிள்ளை" எண்டு கேட்டா "சாப்டேன் ஆன்ட்டி" எண்டு சொல்லும், பொய் எண்டு முகத்திலை தெரியும், நான் ஒரு டப்பாவிலை புட்டும் கறியும் கீழை குடுத்துவிடுவன். அதேநேரம் அந்தப் பிள்ளை தாற வாடகை எங்கடை மோர்ட்கேஜுக்குப் போகுது எண்டதும் எனக்குத் தெரியும். நான் அகதியா வந்து இரவு கிளாஸ் படிச்ச அதே காம்பஸ்தான், ஆனா என்னை அது ஒருநாளும் வருமானமாப் பாக்கேல்லை. ஒரு டொலர் சேமிப்பு இல்லாமல் வந்த எனக்குக் கிடைச்சது, நிலத்தை அடகு வைச்சு வந்த பிள்ளைக்குக் கிடைக்கேல்லை.

2023இலை புரோகிரஸிலை மரத்தாலை கட்டின பெரிய கட்டடம் ஒண்டு, கார்பனே விடாத கட்டடமாம், பாக்க சரியான வடிவு. அது திறந்த கையோடை 2024 ஜனவரியிலை ஒட்டாவா, அதாவது மத்திய அரசாங்கம், வெளிநாட்டு மாணவர் தொகைக்கு வரம்பு போட்டிச்சு, மாணவர் விசாவுக்கு வங்கியிலை காட்டவேண்டிய காசும் 10,000 டொலரிலை இருந்து 20,635 ஆச்சு. 2025 துவக்கத்திலை சென்ரெனியல் 49 படிப்புகளுக்குப் புது ஆக்கள் எடுக்கிறதை நிப்பாட்டிச்சு, ஸ்ரோறி ஆர்ட்ஸ் சென்ரரையும் அந்த வருசமே மூடிச்சினம். மகள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிப்போட்டு ஒண்டும் எழுதேல்லை.

கனபேர் இப்ப அந்த வெளிநாட்டுப் பிள்ளையளைத்தான் குறை சொல்லுகினம், பஸ்ஸிலை இடமில்லை, வீட்டு வாடகை கூடிட்டுது எண்டு. எங்கடை ஆக்களும் சொல்லுகினம், அதுதான் எனக்குப் பொறுக்கிறேல்லை. 1986இலை நியூபவுண்ட்லாந்துக் கடலிலை எங்கடை தமிழ் ஆக்கள் 155 பேர் உயிர்காப்புப் படகிலை வந்து சேந்தபோது எங்களைப் பற்றியும் இப்பிடித்தான் பேப்பரிலை எழுதினவை, மறந்துபோச்சே?

மதுரைப் பிள்ளை படிச்சு முடிச்சு வேலை பெர்மிற் எடுத்து லண்டன் பக்கம், ஒன்ராறியோ லண்டன், ஒரு நர்சிங் ஹோமிலை வேலை செய்யுது, பீ.ஆருக்கு, நிரந்தர வதிவிடத்துக்கு, புள்ளி காணாது எண்டு கவலையோடை இருக்கு. பேஸ்மென்ற் போன செப்ரெம்பரிலை இருந்து சும்மா கிடக்கு. வாடகையைக் குறைச்சுப் போடுவம் எண்டு இவர் சொல்லுறார், மோர்ட்கேஜ் புதுப்பிக்கிறது அடுத்த வருசம், கணக்குப் பாத்துத்தான் சொல்லுவன் எண்டு நான் சொல்லியிருக்கிறன்.